அச்சாரம்

தோர்ல்பி சந்தைச் சதுக்கத்தில்
தானியக் கூடத்துக் கடிகாரம் நான்கு நிமிடம் தாமதம்.
ரயில் வந்த நாளிலிருந்து அப்படித்தான்.
ஊர் நேரத்தை விட்டுக்கொடுக்க
நகரமன்றத்தில் ஆறு பேருக்கு இன்னும் மனமில்லை.

நான் இரும்புச் சாமான் விற்கிறவன்.
குதிரைத் தொட்டிக்கும் ஈனாக் பிக்கர்ஸ்கில்லின் பீங்கான் கடைக்கும்
நடுவே என் பலகை.
அவன் பன்னிரண்டு தட்டுகளை ஒன்றாய் வானத்தில் எறிந்து
ஒன்றாய்ப் பிடிப்பான்.
கூட்டம் அவன் பக்கம்.
கீலுக்கும் கொக்கிக்கும் யாரும் கைதட்டுவதில்லை.

நவம்பர். மார்ட்டின்மஸ் வாரம்.
வருஷக் கூலிக்கு ஆள் பிடிக்கிற நாள்.
வண்டிக்காரப் பையன்கள் தொப்பியில் சாட்டைக் கயிறு செருகி,
மேய்ப்பர்கள் பொத்தானில் கம்பளிக் கொத்துடன்,
பெண்கள் மட்டும் அடையாளம் ஏதுமின்றி
வங்கிச் சுவரோரம், தூறல் படாத பக்கம்.
பண்ணைக்காரர்கள் நடந்து நடந்து பார்க்கிறார்கள்.
காலையில் இதே கற்களின் மேல்
கன்றுகளைப் பார்த்த அதே நடை.
சாணத்தைக்கூட இன்னும் யாரும் கழுவவில்லை.

கெசையா த்வெய்ட்
(பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது)
கேள்வி கேட்கிறவள்.
"வெண்ணெய் வாரத்துக்கு எத்தனை தரம்?
ஞாயிறு மத்தியானம் எனக்கா, உங்களுக்கா?
கறி போடுவீங்களா, கொழுப்பு போடுவீங்களா?"
ரூபன் கார்சைட் சிரித்தார். பதினான்கு பவுண்ட் என்றார்.
பதினைந்து என்றாள்.
புது ராஜா தலை போட்ட ஷில்லிங் ஒன்றை
அவள் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மடக்கிவிட்டார்.
அச்சாரம்.
இனி அடுத்த மார்ட்டின்மஸ் வரை அவள் அந்த வீட்டு ஆள்.

சுவரின் மறுகோடியில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியும்.
போன வருஷம் கார்சைட்டின் வண்டியில் ஏறிப் போனவள்.
இப்போது மறுபடி சுவரோரம்.
அவள் கெசையாவைத் தாண்டி நடந்தாள்.
பூட்ஸ் கயிறு கட்டுகிறவள்போலக் குனிந்தாள்.
ஒரே ஒரு வாக்கியம் இருக்கும்.
எனக்குக் கேட்கவில்லை.
பிக்கர்ஸ்கில் தட்டுகளை எறிந்துகொண்டிருந்தான்.

ஷில்லிங்கைத் திருப்பிக் கொடுக்கலாம்.
சட்டம் எப்படியோ, வழக்கத்தில் இடமுண்டு.
கார்சைட் எதிரே மதுக்கடையில்தான் இருந்தார். இருபது அடி.
அவள் அந்தக் கதவைப் பார்த்தாள்.
மழையைப் பார்த்தாள்.
தன் தகரப் பெட்டியைப் பார்த்தாள்.
திருப்பித் தூக்கிப் போவதென்றால்
போவதற்கு ஒரு வீடு வேண்டும்.

பிறகு என் பலகைக்கு வந்தாள்.
"ஒரு தாழ்ப்பாள்."
"எந்தக் கதவுக்கு? மரம் எவ்வளவு கனம்?"
"இன்னும் பார்க்கல."

பத்தொன்பது வருஷமாக இதே இடம்.
நவம்பரில் தாழ்ப்பாள் அதிகம் போகும்.
காற்றுக் காலம், கதவுகள் அடித்துக்கொள்ளும் என்று
என் கணக்குப் புத்தகத்துக்கு
நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

நான்கு பென்ஸ். திருகாணிக்கு ஒன்று.
அவள் நீட்டியது அந்த ஷில்லிங்கையே.
இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் சூடேறியிருந்தது.
சின்னத் திருகாணிகளை அள்ளிய கை நின்றது.
கொட்டிவிட்டு, இரண்டங்குல நீளத்தில் எடுத்துப் போட்டேன்.
அதே ஒரு பென்னிக்கு.
"திருப்புளி இருக்கா?"
"வெண்ணெய்க் கத்தி இல்லாமலா போகும்."

மீந்த சில்லறையில் இஞ்சி ரொட்டி வாங்கினாள்.
பாதியைப் பிட்டு
சுவரோரம் நின்றவளிடம் கொடுத்தாள்.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தின்றார்கள்.

கடிகாரம் மூன்றடித்தபோது கார்சைட் வந்தார்.
விளக்குக் கண்ணாடி இரண்டு.
மழை பற்றிப் பேசினோம், டர்னிப் அழுகுவது பற்றி.
"பொண்ணு கிடைச்சாச்சு. திடமானவள்" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
கண்ணாடிகளை வைக்கோலில் சுற்றினேன்,
வழியில் உடைந்துவிடாதபடி,
மிகக் கவனமாக.